ஹோல்ற் பரம்பரை

"இது அமெரிக்க மூக்கு," என்று பக்கவாட்டில் திரும்பிக் காட்டினார் ஹோல்ற் அருள்நாயகம்.

கனடாவின் மல்வேர்னில் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூலை வெக்கை. அவர் போட்டிருந்த கோட்டைக் கழற்றவில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். தலைமுறை தலைமுறையாக வாத்திமார் குடும்பம். மகள் மயூரியின் கலியாணப் பேச்சு இன்றைக்கு முடிவாக வேண்டும்.

அவருடைய பூட்டி, அதாவது பாட்டியின் தாய், பெயர் லிடியா ஹோல்ற். அந்தப் பெயரில் அமெரிக்க இரத்தம் ஓடுகிறது என்பது அவர் கட்சி.

சாட்சிக்கு ஆளும் வந்திருந்தது. விட்பியிலிருந்து மிஸிஸ் பார்க்கர். தன் முன்னோரான ஹோல்ற் குடும்பத்தின் வழி தேடித் திரிந்து, ஒரு தேவாலயத்தில் இவர் பெயரைக் கேள்விப்பட்டவர்.

சம்பந்தியாகப் போகிற கோணேஸ்வரனும் நாகேஸ்வரியும் கனடா வந்து ஒரு பனிக்காலம்தான் ஆகிறது. ஆங்கிலம் பிடிபடவில்லை. மொழிபெயர்ப்பை அருள்நாயகமே ஏற்றுக்கொண்டார்.

லிடியா வீடு வீடாகத் துணி துவைத்தவள் என்றார் மிஸிஸ் பார்க்கர்.

"துணி விஷயத்தில பெரிய கை," என்றார் அருள்நாயகம்.

கலியாணம் கட்டவில்லை. அமெரிக்காவில் மசச்சூசெற்ஸை விட்டு வெளியே போனதுமில்லை என்றார் மிஸிஸ் பார்க்கர்.

"கண்ட இடமெல்லாம் திரியாத குடும்பம்."

"பிறகெப்பிடி அண்ணை யாழ்ப்பாணம் வந்தவ?" என்றார் நாகேஸ்வரி.

"பொறுங்கோ. இப்ப சொல்லுவா."

மிஸிஸ் பார்க்கர் சொன்னார். கூலியில் மிச்சம் பிடித்து, யாழ்ப்பாணத்து மிஷன் விடுதியில் ஒரு சிறுமியைப் படிக்கவைத்தாள் லிடியா. படிப்புச் செலவு கொடுக்கிறவரின் பெயரையே பிள்ளைக்கு வைப்பது அந்தக் கால மிஷன் வழக்கம். அந்தச் சிறுமிதான் இவருடைய பூட்டி. அவ்வளவுதான் உறவு. இரத்தம் ஒரு துளியும் இல்லை.

அருள்நாயகத்தின் மூக்கு நுனியில் வியர்வை. ஆனாலும் இதற்கும் ஒரு மொழிபெயர்ப்பு வாய்க்குள் தயாராகிக்கொண்டிருந்தது.

அந்தச் சிறுமி படித்தாளா என்று கேட்டார் மிஸிஸ் பார்க்கர்.

படித்து ஆசிரியையானாள் என்றார் அருள்நாயகம். அவள் பிள்ளைகளும். பிறகு நானும்.

மிஸிஸ் பார்க்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அமெரிக்க லிடியாவுக்கு எழுத்துத் தெரியாதாம். கையெழுத்து வைக்கும் இடத்தில் ஒரு சிலுவைதான் கீறுவாளாம். லிடியா ஹோல்ற் என்ற பெயரைத் தன் கையால் எழுதியவள் உங்கள் பூட்டி ஒருத்திதான் என்றார்.

அருள்நாயகம் மூக்கைத் துடைத்தார்.

"என்னவாம் அண்ணை?" என்றார் நாகேஸ்வரி.

அவர் எழுந்து நின்றார்.

"முதலிலயிருந்து சொல்லுறன்," என்றார். "லிடியா உடுப்புத் தோய்ச்சுச் சீவியம் நடத்தினவ."