ஏழாவது ஊசி

“ஆறுதான் கிடக்கு முருகேசு. ஏழாவது ஊசி எங்கை?”

டொக்டர் ஜெபரட்ணத்தின் குரலில் கோபமில்லை. அதுதான் முருகேசுவைப் பயப்படுத்தியது. அந்த மனிதர் சத்தம் போட்டால் அரை மணி நேரத்தில் அடங்கிவிடுவார். மெல்லக் கேட்டாரென்றால் விஷயம் பெரிது.

ஈயப் பெட்டிக்குள் இருந்தவை ரேடியம் ஊசிகள். ஒவ்வொன்றும் இரண்டு நெல்மணி நீளந்தான். புற்றுநோய்க்காரரின் கன்னத்தில் ஒரு கிழமை குத்தி வைத்திருந்து எடுப்பார்கள். கடைசியாகப் போட்டது பண்டத்தரிப்பு நாகேஸ்வரிக்கு. புகையிலை சப்பிச் சப்பி வாயைப் புண்ணாக்கிக்கொண்டு வந்த மனுஷி. புண் காய்ந்து அவர் வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. பெட்டியை அதற்குப் பிறகு இன்றுதான் திறக்கிறார்கள்.

“கட்டுத்துணி வாளியை ஆர் கொட்டினது?”

“நான்தான் ஐயா. பின்வளவுக் குப்பைக் கிடங்குக்கை போட்டு எரிச்சனான்.”

அந்த வார்ட்டில் வாளி தூக்குவது முதல் நோயாளருக்குக் கஞ்சி பருக்குவது வரை எல்லாம் முருகேசுதான்.

“கிணத்தடிக் கிடங்கோ?” டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “எங்கடை நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிடங்கிலை போட்டது கிணத்திலை வரும். ரேடியம் உக்காது, எரிச்சாலும் அழியாது. ஆயிரத்து அறுநூறு வருசம் போனாலும் பாதிதான் குறையும். கையிலை வைச்சிருந்தால் சுடாது. ஆனா உடம்பை உள்ளுக்கை அரிச்சுப்போடும்.”

முருகேசு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். உச்சி வெயிலில் கிடங்கைக் கிளறக் கிளற, டொக்டர் ஒரு சின்னப் பெட்டியை அதன்மேல் பிடித்துக்கொண்டு நின்றார். கதிரைக் கண்டால் சத்தம் போடும் பெட்டி அது.

“கிட்ட இருந்தால் தகரத்திலை மழை கொட்டினமாதிரிக் கேக்கும்,” என்றார்.

பெட்டி ‘டிக்... டிக்...’ என்று சோம்பலாக முனகியது. சாம்பலில் இல்லை. கிணற்றில் இல்லை. வாய்க்காலில், மெத்தைகளில், எங்கும் இல்லை.

“பின்னேரம் காரை எடுத்துக்கொண்டு பண்டத்தரிப்புக்கும் போய்ப் பாப்பம். அதுசரி, நோயாளர் உமக்கு ஏதும் தந்தவையோ?”

“சீச்சீ! இல்லை ஐயா.”

நாகேஸ்வரி போகும்போது ஓலைக் குட்டானில் பனங்கட்டியும் வேறு ஏதோ சில்லறைச் சாமானும் தந்தது உண்மை. வாங்கினால் வேலை போய்விடும் என்பது சட்டம். பனங்கட்டிக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனாலும் பயம் போகவில்லை. எந்த அறிவு கெட்ட சனம் அந்த ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு சாகப்போகிறதோ!

“உம்மடை மனிசிக்கு எத்தினை மாசம்?”

“எட்டு ஐயா. முந்தி ரெண்டும் தங்கேல்லை.”

“அவவை இந்தப் பக்கம் வர விடாதையும். வயித்துப் பிள்ளையளுக்குத்தான் உது முதல் எமன்.”

அதை அவனுக்குச் சொல்லவும் வேண்டுமா? குளித்து உடுப்பு மாற்றாமல் ஒருநாளும் அவன் வீட்டுப் படி ஏறியதில்லை. வேலை உடுப்பைக் குணலட்சுமி தொடவும் விட்டதில்லை.

“இஞ்சேருங்கோ...”

திரும்பினான். சாப்பாட்டுக் கரியரோடு பின்வாசலில் குணலட்சுமி நின்றாள்.

“வராதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்!”

“ரெண்டு மணியாச்சு. பசி கிடப்பியள் எண்டு மனம் கேக்கேல்லை.”

“கோவிக்காதையும், நான் சொல்லி அனுப்பிறன்,” என்று டொக்டர் கையில் பெட்டியோடு அவளருகே போனார்.

தகரத்தில் மழை கொட்டியது.

“பிள்ளை, சாப்பாட்டைக் கீழை வையுங்கோ!”

அவள் பதறிப்போய் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். டொக்டர் கரியருக்குக் குனிந்தார். சத்தம் தணிந்தது. நிமிர்ந்து மறுபடி அவள் பக்கம் பிடித்தார். மழை பிடித்துக்கொண்டது.

முருகேசுவின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது.

பனங்கட்டியோடு நாகேஸ்வரி தன் கழுத்திலிருந்த வெள்ளித் தாயத்தையும் கழற்றித் தந்திருந்தார். “என்னைக் காப்பாத்தினது உதுக்குள்ளை இருக்கு தம்பி. உம்மடை பிள்ளையையும் காப்பாத்தும்.”

உள்ளே இருப்பது சந்நிதி முருகனின் திருநீறு என்று நம்பி, இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டுமென்று கண்ணை மூடிக் கும்பிட்டு, அன்று அவனே தன் கையால் அதைக் குணலட்சுமியின் அடிவயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தான்.