வளைவில் பச்சைக் கதிர்

"இந்தக் கதிரை எந்த வயல்ல அறுத்தீங்க, சொல்லுங்க."

பந்தல் வாசலில் இருந்த அலங்கார வளைவைக் காட்டிக் கேட்டாள் மணப்பெண் சௌந்தரநாயகி. மாப்பிள்ளை வீட்டில் வயல் பேச்சே எடுக்கக் கூடாது என்று அவள் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மிராசுதார் நீலமேகம் சிரித்தார். "கல்யாணத்துக்குக் கதிர் கட்டினா அழகுதானேம்மா."

"காகிதப் பூ நான் செஞ்சது. நடுவுல கதிரைச் சொருகினது நீங்க. இன்னும் மணியில பால்கூட முத்தலை. தன் பயிரை எவனாவது இப்படி அறுப்பானா?"

"பி.ஏ. படிச்சா வயலும் தெரியுமோ?"

"நடவு நட்டுத்தான் படிச்சேன். யார் பயிர்?"

"குத்தகைக்காரன் அய்யாவு பயிர். குத்தகைதாரன்னு பேரைப் பதியணும்னு தாசில்தார்கிட்ட மனு கொடுத்திருக்கான். அவர் வந்து பார்த்தா, அவன் பயிர் வச்சதுக்கு வயல்ல என்ன சாட்சி இருக்கும்?" என்றவர் குரலைத் தணித்தார். "முகூர்த்த நேரத்துல பேச்சை வளர்க்காதே."

மணமேடையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, அவர் மகன் தியாகேசன், தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"இவருக்கும் தெரிஞ்சிருக்கு" என்ற சௌந்தரநாயகி, தன் கழுத்திலிருந்த மணமாலையைக் கழற்றி வளைவில் மாட்டினாள். கதிரில் ஒரு கொத்தை உருவிக்கொண்டாள்.

"ஏய், அதை எங்கே கொண்டு போறே?" என்று கத்தினார் நீலமேகம்.

"தாசில்தார்கிட்ட" என்றவள், பந்தலில் நின்ற தன் அம்மாவிடம் "நீ வாம்மா" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.