வாசலில் வீரம்மாள்

"ஷிப்ட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லிடு" என்று கிசுகிசுத்துவிட்டு சிவப்பிரகாசம் படுக்கையறைக்குள் புகுந்துகொண்டான்.

அவன் மனைவி மலர்கொடி வாசலுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே வீரம்மாள். குறிஞ்சிப்பாடியில் அவர்களுடைய ஒன்றரை ஏக்கரை ஐந்து வருடமாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவள்.

"தம்பி இல்லீங்களா?"

"ஃபர்ஸ்ட் ஷிப்ட். வர ரெண்டு மணி ஆகும்."

"பைக்கு நிக்குதே?"

"அது... ரிப்பேர். பஸ்ல போனாரு."

"சரி பாப்பா. அதுவரைக்கும் இங்கியே குந்திகினு இருக்கேன்."

உள்ளே சிவப்பிரகாசத்துக்கு வியர்த்தது. அன்றைக்கு அவனுக்கு செகண்ட் ஷிப்ட். ரெண்டு மணிக்கு அவன் மைன்ஸில் இருந்தாக வேண்டும்.

மழையில் மூழ்கிய சம்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த நிவாரணம், பத்தாயிரத்து இருநூறு ரூபாய், பன்னிரண்டு நாள் முன்னால் அவன் பேங்க் கணக்கில் விழுந்திருந்தது. பட்டா அவன் பேரில். நட்டதும், உரம் போட்டதும், அழுகின பயிரைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றதும் வீரம்மாள்.

மூன்று நாளாக அவளிடமிருந்து போன். அவன் எடுக்கவேயில்லை.

மலர்கொடி உள்ளே வந்ததும் கேட்டான். "இன்னும் உக்காந்திருக்காங்களா?"

"ஆமா. டீ குடுத்தேன், குடிச்சாங்க."

கட்டிலில் உட்கார்ந்தான். எழுந்தான். இருமல் வந்தது, தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டான். யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தான். சரியாக அவன் பைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சட்டப்படி அது என் பணம்தானே மலரு?"

"அதை அவங்ககிட்டயே போய்ச் சொல்றதுதானே?"

மணி ஒன்றே கால். இதற்கு மேல் முடியாது. மூச்சை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

வீரம்மாள் எழுந்து நின்றாள். எப்போது வந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன்தான் முந்திக்கொண்டான். "இங்க பாருங்க, பட்டா என் பேர்ல இருக்கு. கவர்மென்ட்டே பார்த்துதான் எனக்குப் போட்டிருக்கு. நீங்க வந்து இப்படி வாசல்ல உக்காந்தா..."

"அதுக்கு வரலீங்க தம்பி."

"பின்ன?"

"யாரோ மனு போட்டுட்டாங்க. பயிர் வெச்சது ஒருத்தர், பணம் வாங்கினது ஒருத்தர்னு. மூணு நாளைக்கு முன்ன தாலுக்கா ஆபீஸ்லேருந்து ஊருக்கே வந்து விசாரிச்சாங்க. தப்பா வாங்கியிருந்தா வேலை செய்யற எடத்துக்கு லெட்டர் போவுமாம். முன்கூட்டியே சொல்லலாம்னு போன் போட்டேன், நீங்க எடுக்கல. அதான் பஸ் ஏறி வந்தேன்."

சிவப்பிரகாசம் அவளருகே வந்தான். "நீங்க... என்ன சொன்னீங்க?"

வீரம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வந்த அன்னிக்கே மொத்தப் பணத்தையும் எங்கையில குடுத்துட்டாருன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். உங்களக் கேட்டாலும் அதையே சொல்லுங்க தம்பி, மாத்திச் சொல்லிடாதீங்க."