முதல் கூடை விழும்வரை

கூடைப்பந்தில் முப்பத்தெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் மண்ணைக் கவ்விவிட்டு வந்தவர்கள் போல அங்கே யாரும் இல்லை.

ரசிகர்களின் பஸ் நெடுஞ்சாலையோர உணவகத்தில் நின்றதும், நாற்பது பேரும் பச்சை ஸ்வெட்டரோடு உள்ளே புகுந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணம் பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பு, தொட்டுக்கொள்ளப் பட்டைத்தூள் தூவிய இனிப்பு பன். நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர்களுக்கு ஒன்றில்லாமல் மற்றது இறங்காது.

லோர்னாவுக்கு மட்டும் இரண்டுமே இறங்கவில்லை.

அணியின் பஸ் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதில் அவள் மகள் மார்னி இருந்தாள். "சீசனோட முதல் மேட்ச்மா. இதுலயும் போன வருஷம் மாதிரி மானம் போச்சுன்னா, ஜெர்சியக் கழட்டிக் கோச் கையில குடுத்துட்டு வந்துருவேன்" என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அந்தப் பிடிவாதம் அப்பன் வழி வந்தது என்பது லோர்னாவின் கட்சி. ஊர் அப்படிச் சொல்வதில்லை.

"தடுப்பாட்டம்னு ஒண்ணு இருந்துச்சா இன்னிக்கு?" தீவனக்கடை டுவைட் பன்னைப் பிய்த்தார். "நம்ம பொண்ணுங்க பாஸ் பண்ணல, எதிராளிக்குப் பார்சல் அனுப்பிச்சுதுங்க."

"அதெல்லாம் கெடக்கட்டும்யா," என்றாள் தபால்காரி இர்மா. "அதைச் சொல்லு."

"அதை எப்படிச் சொல்றது?"

டுவைட்டுக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது.

அவர்கள் கல்லூரி அணிக்குப் பெயர் கொக்குகள். கொக்குகளின் முதல் கூடை விழும்வரை கொக்கு ரசிகர்கள் உட்காரக் கூடாது. யார் போட்ட சட்டமோ, யாரும் மீறியதில்லை. சொந்த மைதானத்தில் அதில் கஷ்டமும் இல்லை. வார்ம்-அப் சூடு ஆறுவதற்குள் யாராவது ஒருத்தி போட்டுவிடுவாள்.

இன்று போனதோ பக்கத்து மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகத்தின் அரங்கம். பத்தாயிரம் பேர். எல்லோரும் ஊதாச் சட்டை. கொக்குகளை அவர்கள் அழைத்ததே சீசன் தொடக்கத்தில் கை பழகிக்கொள்ளத்தான்.

ஆட்டத்தின் முதல் கால் பகுதி முழுக்கக் கொக்குகளுக்கு ஒரு கூடையும் விழவில்லை.

நாற்பது பேரும் நின்றார்கள். பின்வரிசை ஆள் ஒருவன், "ஏ கொக்குங்களா, மறைக்குது, உட்காருங்க! இல்ல, ஒத்தக்கால்லதான் நிப்பீங்களா?" என்று கத்தினான். இர்மா திரும்பி நின்று தங்கள் வழக்கத்தைச் சொன்னாள். அறுவைச் சிகிச்சை செய்த முழங்கால் அவளுக்கு. அதைத் தட்டிக் காட்டி, "இதுவே நிக்குது, உனக்கென்னடா நோவு?" என்றும் கேட்டாள்.

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே, கிண்டலுக்கு, எழுந்து நின்றான்.

அவன் கூட்டாளிகள் எழுந்தார்கள். பிறகு அந்த வரிசை. பிறகு அந்தப் பக்கம் முழுவதும். விஷயம் காதுக்குக் காது போய், எதிர்ப்பக்கமும் எழுந்தது.

எந்த இடத்தில் கிண்டல் தீர்ந்துபோனது என்று லோர்னாவுக்குத் தெரியாது. கொக்குகளின் பந்து ஒன்று வளையத்தில் சுற்றி வெளியே விழுந்தபோது, பத்தாயிரம் பேரும் "ச்சே!" என்றார்கள். எதிரியின் வீடு முழுவதும் எழுந்து நின்று, லோர்னா மகளின் பந்து விழாதா என்று தவித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மார்னி, பயிற்சியாளரே தலையில் கைவைத்துக்கொள்ளும் தூரத்திலிருந்து, பந்தை வீசினாள்.

விழுந்தது.

பத்தாயிரம் பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். தானியக் கிடங்கின் அடிக்கதவைத் திறந்துவிட்டது போல அரங்கம் அதிர்ந்தது.

"சர்ச்சுல கூட நான் அப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல," என்றார் டுவைட். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை.

வாசலில் விளக்கு வெளிச்சம் திரும்பியது. அணியின் பஸ். லோர்னா கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினாள்.

மார்னிதான் முதலில் இறங்கினாள். தோளில் பை. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெர்சி பையில் இருக்கிறதா, பயிற்சியாளரிடம் போய்விட்டதா என்று கேட்க வாய் வரை வந்ததை லோர்னா விழுங்கிக்கொண்டாள்.

"பார்த்தியாம்மா?" என்றாள் மார்னி. "நீங்க நாப்பது பேர் எதுக்கு நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். மத்தவங்களும் எழுந்தாங்க பாரு, அப்படியே செத்துட்டேன். நம்ம ஆட்டம் சகிக்கலன்னு அரங்கமே வீட்டுக்குக் கிளம்புதுன்னு நெனச்சேன்."

லோர்னா வாயைத் திறந்தாள்.

"எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம். போறவங்க போங்க, ஒண்ணே ஒண்ணைப் பார்த்துட்டுப் போங்கன்னு, இருந்த எடத்துல இருந்தே எறிஞ்சேன்." அவள் குரல் தணிந்தது. "அம்மா, அத்தனை பேரும் திரும்ப உட்கார்ந்துட்டாங்கம்மா. ஒருத்தர் கூடப் போகல. கடைசி வரைக்கும் இருந்தாங்க."

குளிரில் அவள் மூச்சு புகையாக வந்தது. லோர்னா திறந்த வாயை மூடிக்கொண்டாள். மகள் சொன்னதில் எது தப்பு என்று தேடிப் பார்த்தாள்.

"ஆமாடி," என்றாள் கடைசியில். "நீதான் உட்கார வச்ச."

"அடுத்த மேட்ச்ல இன்னும் சீக்கிரமா உட்கார வச்சுடறேன்," என்றாள் மார்னி.

உணவகத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் எல்லோரும், சொல்லத் துடித்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோர்னா மகளுக்கு முன்னால் உள்ளே போனாள். நேராக டுவைட்டிடம் போய், தட்டிலிருந்த முழு பன்னையும் எடுத்து அவர் வாயில் திணித்தாள்.