மந்திரி நட்ட நெல்

மாடத்தியின் கரிசல் காட்டில், பருத்திக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்கு நெல் நின்றது. மந்திரி நாற்று நடுவதைப் படம் பிடிக்க, சாலையோரம் இருக்கிறதென்று அவள் காட்டைத்தான் பிடித்தார்கள். லாரித் தண்ணீரை ஊற்றிச் சேறாக்கினார்கள். மந்திரி வேட்டியை மடித்துக் கட்டி நாலு பிடி நட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

"காய விட்டுறாதம்மா. திரும்பி வந்தா கேப்பாரு" என்றார் வேளாண்மை அதிகாரி.

அன்றிலிருந்து தெருக்குழாயில் குடம் குடமாய்ப் பிடித்து வந்து ஊற்றினாள். மந்திரி வரவில்லை. நெல் மட்டும் பச்சைப் பசேலென்று தூர்கட்டியது.

ஒருநாள் பார்த்தால், பக்கத்துக் காட்டுப் பெத்துராசு காய்ப்புக்கு வந்த பருத்தியை உழுதுகொண்டிருந்தான்; வரப்பில் விதைநெல் மூட்டை. அதற்கடுத்தடுத்த காடுகளிலும் டிராக்டர் சத்தம்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா தம்பி? கிணத்துல பொட்டுத் தண்ணி இல்ல, நெல்லா போடப் போற?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதக்கா. கால்வா வருது, இனி நெல்லுக்குத்தான் வெலன்னு மந்திரி ஒங்கிட்ட சொல்லாமயா, நீ சொமந்து சொமந்து ஊத்துற?"

"எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலயே."

"வெளிய சொல்லக் கூடாதுன்னிருப்பாரு" என்று சிரித்தான்.

மாடத்தி நெல்லைப் பார்த்தாள். மந்திரி குனிந்தபோது என்னமோ முணுமுணுத்த மாதிரிதான் இருந்தது. இடுப்பு வலியில் முனகுகிறார் என்றல்லவா நினைத்தாள்? ஒரு ஊருக்கேவா கிறுக்குப் பிடிக்கும்?

இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள். பிஞ்சு விட்டிருந்த முதல் பருத்திச் செடியைப் பிடுங்கினாள்.