கடைசி நிறுத்தத்தில் இறங்குகிறவர்

டெக்லன், கால்வே நகரத்திலிருந்து கடலோரமாகப் போகும் மத்தியானப் பேருந்தை ஓட்டுகிறவர். அந்தப் பக்கத்து ஜனங்கள் ஓட்டுநருக்கு நன்றி சொல்லாமல் இறங்குவதில்லை.

பின்லாந்துப் பெண் வென்லா அயர்லாந்துக்கு வந்து இரண்டே நாள். மலிவு விடுதியில் தங்கி, ரொட்டியைக் கடித்துக்கொண்டு தனியாக ஊர் சுற்றுகிறாள். கடைசி நிறுத்தத்தில் அவள் வாய் திறக்காமல் இறங்கினாள். வண்டியில் வேறு யாருமில்லை. ஆனாலும் படியருகே, "நன்றிப்பா டெக்லன்" என்று ஒரு கிழக்குரல் கேட்டது.

வென்லா திடுக்கிட்டுத் திரும்பினாள். "யாரு பேசினது?"

"அவரு தினமும் இங்கதாம்மா இறங்குவாரு. நீதான் ஒண்ணும் சொல்லாமப் போற!"

சிரித்துக்கொண்டே சொன்னாலும் டெக்லனுக்கு மனசு கேட்கவில்லை. இதற்கு முன் அந்தக் குரலைக் கேட்ட இரண்டு பேர் அப்புறம் இந்த வண்டியில் ஏறவேயில்லை.

மறுநாள் வென்லா ஏறினாள். பக்கத்து இருக்கையில் வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைசி நிறுத்தத்தில் மழை. அவள் எழுந்து கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

"நீங்க முதல்ல இறங்குங்க. பார்த்து, படி வழுக்கும்."

"நன்றிப்பா டெக்லன். உனக்கும்தாம்மா," என்றது குரல்.

"ரொம்ப நன்றி டெக்லன்," என்று வென்லாவும் இறங்கினாள்.

டெக்லன் கண்ணாடியில் பார்த்தார். விடுதி மேட்டில் அவள் மெதுவாக, நின்று நின்று நடந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. குடையை அவள் பக்கத்தில், ஆளில்லாத இடத்துக்கு மேலே நீட்டிப் பிடித்திருந்தாள்.