பலகை சொன்னது சரிதான்

பந்து கையைவிட்டுக் கிளம்பியதுமே கூடையில் விழுமா விழாதா என்று அரங்கத்து மின்னணுப் பலகை சொல்லிவிடும். தப்பியதே இல்லை.

தூத்துக்குடி கூடைப்பந்து அணிக்குப் புதிதாய் வந்த, தூரத்திலிருந்து எறிந்து புள்ளி எடுக்கும் ஷூட்டிங் கார்டு மெர்லின் தேறமாட்டாள் என்றான் ஆட்டம் பார்க்க வந்திருந்த இசக்கி. தேறுவாள் என்று ஒற்றைக்காலில் நின்றான் பக்கத்திலிருந்த நண்பன் செல்வின்.

ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், கடைசி நொடிகளில் மெர்லின் எறிந்தாள். 'விழாது' என்றது பலகை.

"நான் சொல்லல? எந்திரிலே, போவோம்!"

கூட்டமே எழுந்தது. எதிரணி அதற்குள் கட்டிப்பிடித்துக் கொண்டாடியது. மெர்லின் மட்டும் ஓடினாள். வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தைத் தாவிப் பிடித்து உள்ளே போட்டாள். வெற்றி! அரங்கம் அதிர்ந்தது.

இசக்கி வாயைப் பிளந்தான். "பலகை தப்பா சொல்லிட்டுதே!"

"சரியாத்தாம்லே சொல்லிச்சு," செல்வின் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். "அவ அதப் பாத்தாத்தான?"